ஒரு வளையத்துக்கு எவ்வளவு? – கியோட்டோ நாட்குறிப்பு

பிப்ரவரி 22, 2026, ஞாயிறு

வேலையை விட்டாயிற்று. இனி சொந்தக் கடைதான். கடை என்றால் சாப்பாட்டு மேஜையில் பாதி.

லோகோ வரைந்து கொடுக்கும் வேலை அது. அங்கே “ஜப்பானிய உணர்வு” என்று ஒன்றை விற்றுக்கொண்டிருந்தோம். செர்ரிப் பூ, சிவப்பு வட்டம், தூரிகையால் இழுத்த ஒரு கோடு. பல் மருத்துவருக்கும் அதுதான், யோகா ஆசிரியருக்கும் அதுதான். எனக்கு வேண்டியது அது இல்லை, காமோன்.

காமோன் என்பது குடும்பச் சின்னம். ஹெயான் காலத்து (8–12ஆம் நூற்றாண்டு) பிரபுக்கள் எந்த மாட்டுவண்டி யாருடையது என்று தெரிவதற்காகப் போட ஆரம்பித்தது. பிறகு போர்க்கொடிகளில் ஏறியது. எடோ காலத்தில் (17–19ஆம் நூற்றாண்டு) சாமானியர்கள் குடும்பப் பெயரை வெளியில் பயன்படுத்த முடியாது, ஆனால் சின்னம் வைத்துக்கொள்வதை யாரும் தடுக்கவில்லை. வணிகர், நடிகர், கைவினைஞர் என்று ஆளாளுக்கு ஒன்று. மிட்சுபிஷியின் மூன்று வைரங்கள்கூட அதை நிறுவிய இவாசாகி குடும்பத்தின் சின்னத்தையும் தோசா பகுதியை ஆண்ட யாமாவுச்சி பிரபுக்களின் மூன்று ஓக் இலைகளையும் சேர்த்துப் பிறந்தவை. ஜப்பான் ஏர்லைன்ஸ் தன் பழைய வட்டக் கொக்கைக் கைவிட்டுப் பார்த்துவிட்டு 2011இல் திரும்ப எடுத்துக்கொண்டது.

தனியாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கும் சிறிய கடைகளுக்கும் அந்த மரபில் ஒரு சின்னம். ஒரே நிறம், காம்பஸும் அளவுகோலும் மட்டும், கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கினாலும் அடையாளம் தெரிய வேண்டும். இவ்வளவுதான் என் சரக்கு.

மார்ச் 4, புதன்

ஒசாகாவில் இருக்கும் நண்பர் தானும் இப்படி இறங்கலாமா என்று கேட்டார். அவர் இருப்பது வேலை விசாவில். சொந்தத் தொழிலுக்கான விசாவுக்குத் தேவைப்பட்ட 50 லட்சம் யென் முதலீட்டைப் போன அக்டோபரில் 3 கோடியாக்கிவிட்டார்கள். எனக்கு நிரந்தரவாசம் இருப்பதால் இந்த மேஜையே போதும். அவரிடம் சொல்ல ஆறுதலாக ஒன்றும் இல்லை.

மார்ச் 17, செவ்வாய்

வருமான வரிக் கணக்குக்கு நேற்றோடு கெடு முடிந்ததால் வரி அலுவலகத்தில் கூட்டம் இருக்காது. அதோடு இன்று தாய்ஆன், ஜப்பானிய நாட்காட்டியின் ஆறு நாள் சுழற்சியில் எல்லாவற்றுக்கும் நல்ல நாள். அம்மாவிடம் பெருமையாகச் சொன்னால், “செவ்வாய்க்கிழமை போய் ஆரம்பிப்பாளாடி யாராவது? செவ்வாயோ வெறுவாயோன்னு சும்மாவா சொன்னாங்க?” என்றாள். இரண்டு நாட்டுப் பஞ்சாங்கத்தையும் திருப்திப்படுத்த முடியாது. ராகுகாலம் மூன்று மணிக்கு மேல்தானே, காலையிலேயே போய்விடுகிறேன் என்று சமாதானம் சொன்னேன்.

தொழில் தொடக்க அறிவிப்பு ஒரே ஒரு தாள், கட்டணம் கிடையாது. கூடவே நீலக் கணக்கு என்கிற வரிச்சலுகை முறைக்கான விண்ணப்பமும் கொடுத்தேன். ஒழுங்காகக் கணக்கு எழுதி இணையத்தில் தாக்கல் செய்தால் வருமானத்தில் 6,50,000 யென் வரை கழித்துக்கொண்டு வரி கட்டலாம். நம் கைப் பிரதியில் முத்திரை குத்திக் கொடுப்பதை 2025 ஜனவரியோடு நிறுத்திவிட்டார்கள். எதற்கெடுத்தாலும் முத்திரை கேட்கிற தேசத்தில் நான் தொழில் தொடங்கியதற்கு மட்டும் முத்திரை இல்லை!

தொழிற்பெயருக்கு ஒரு பெட்டி இருக்கிறது. நிரப்பித்தான் ஆக வேண்டும் என்று இல்லை. காலியாக விட்டேன். ஊருக்கெல்லாம் அடையாளம் செய்து தரப்போகிறவள் இப்படிச் செய்யலாமா என்றால், செய்யலாம். ஒரு வேலையாவது முடியட்டும்.

மார்ச் 25, புதன்

கிதானோ தென்மாங்கு கோயிலில் மாதாமாதம் 25ஆம் தேதி கூடும் சந்தை. பழைய கிமோனோக் குவியலில் ஐந்து சின்னம் வைத்த கறுப்பு ஒன்று அகப்பட்டது. முதுகில் ஒன்று, கைகளின் பின்புறம் இரண்டு, மார்பில் இரண்டு. இதைவிடச் சம்பிரதாயமான உடை கிடையாது.

வீட்டில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். சாயம் போடும்போது சின்னத்தின் இடத்தை மட்டும் வெள்ளையாக விட்டுவிடுவார்கள். உள்கோடுகளை அதற்கென்றே இருக்கும் ஓவியர் மையால் வரைவார். அதில்கூட எனக்கு ஆச்சரியம் இல்லை. முதுகுச் சின்னத்தின் நட்டநடுவே தையல் ஓடுகிறது! பாதி இலை இந்தத் துணியில், பாதி அந்தத் துணியில். மயிரிழைக் கோடு ஒரு துணியிலிருந்து மற்றொன்றுக்குப் பிசிறில்லாமல் போகிறது. திரையில் எட்டு மடங்கு பெரிதாக்கி வைத்துக்கொண்டு வரைகிற எனக்கு வயிற்றைக் கலக்கியது.

ஏப்ரல் 6, திங்கள்

முதல் ஆள். கம்பெனி வேலையை விட்டுவிட்டுப் பேச்சுப் பயிற்சி தரப் போகிறவர், உள்ளூர்க்காரர். முதலில் பதினாறு இதழ் சாமந்தி கேட்டார். பாஸ்போர்ட்டிலேயே இருக்கிறதே என்றார். அது அரச குடும்பத்தின் சின்னம், வணிகச் சின்னச் சட்டத்தின் 4ஆம் பிரிவே பதிவு செய்ய விடாது என்றேன். அப்படியானால் சாமுராய் மாதிரி ஏதாவது என்றார். உங்கள் குடும்பச் சின்னம் என்ன என்று கேட்டேன். தெரியவில்லை. பலருக்கும் தெரிவதில்லை. தாத்தாவின் கல்லறையைப் போய்ப் பாருங்கள், கல்லில் செதுக்கியிருக்கும் என்று அனுப்பிவைத்தேன்.

ஏப்ரல் 11, சனி

இரண்டாவது ஆள் உடோன், அதாவது தடித்த கோதுமை நூடுல்ஸ், சமைப்பவர். பன்னிரண்டு வருஷம் ஒரே முதலாளியிடம் இருந்துவிட்டுத் தனிக்கடை போடுகிறார். முதலாளி “நோரேன் பிரித்து”க் கொடுக்கிறார். நோரேன் என்பது வாசலில் தொங்கும் துணி. நம்பிக்கையான ஆளுக்கு அந்தப் பெயரைப் பயன்படுத்தும் உரிமையைக் கொடுப்பது பழைய வழக்கம். டோக்கியோவில் யாபு, சராஷினா, சுனாபா என்ற சோபா (ஒரு வகை நூடுல்ஸ்) கடை வழிகள் இப்படிப் பரவியவைதான்.

முதலாளி கடையின் சின்னம் கதாபாமி. நம் ஊர்ப் புளியாரைதான், தொட்டி ஓரத்தில் தானாக முளைத்துக்கிடக்குமே, அதே மூன்று இலை. பிடுங்கப் பிடுங்க வருகிற செடி என்பதால் வம்சம் தழைக்கட்டும் என்று ஜப்பானில் எத்தனையோ குடும்பங்கள் எடுத்துக்கொண்ட சின்னம். கிளைக்குடும்பம் பிரியும்போது தாய்ச் சின்னத்தைச் சுற்றி ஒரு வளையம் போடுவது மரபு. இவருக்கும் அதுதான் வேண்டும். இலையைத் தொடக் கூடாது, வளையம் மட்டும்.

ஒரு வளையத்துக்கு எவ்வளவு பணம் கேட்பது?

ஏப்ரல் 19, ஞாயிறு

பயிற்சிக்காரர் படம் அனுப்பியிருக்கிறார். பாசி பிடித்த கல், அதில் குறுக்காக வைத்த இரண்டு பருந்து இறகு. பக்கத்து வரிசைகளிலும் அதேதான் என்று வருத்தப்பட்டார். நாட்டில் மிகப் பரவலான சின்னங்களில் அது ஒன்று. கதைகளில் வரும் நாற்பத்தேழு ரோனின்களின் (எஜமானை இழந்த சாமுராய்கள்) எஜமானான அசானோ பிரபுவுக்கும் இறகுதான் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். உடனே குரல் மாறியது. அதை இணையதளத்தில் போடலாமா? கூடாது. சின்னம் ஒன்றாக இருப்பதால் உறவாகிவிட முடியாது. உங்கள் தாத்தாவின் கல்லில் இருக்கிறது, அதை மட்டும் எழுதுங்கள் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

வரமாட்டார் என்றுதான் தோன்றுகிறது. பரவாயில்லை.

ஏப்ரல் 28, செவ்வாய்

சாயப் பட்டறை. கியோட்டோவில் 2007இலிருந்து மாடி மேல் விளம்பரமோ மினுக்கும் பலகையோ வைக்க முடியாது. அதனால் சிறிய கடைக்கு வாசல் துணிதான் முகம். மூன்று பட்டையாக வைத்தோம். இரண்டோ நான்கோ என்றால் நடுவில் பிளவு வந்து சின்னத்தைக் கிழிக்கும். மூன்றில் நடுப்பட்டையில் முழுதாக உட்காரும்.

நான் கொண்டுபோனது நூல்வளையம், மிக மெல்லியது. பட்டறைக்காரர் சணல்துணியை விரலால் தேய்த்துக் காட்டினார். நெசவு முரடு, இவ்வளவு மெல்லிய கோட்டில் சாயத்தைத் தடுக்கும் பசை நிற்காது, நீலம் உள்ளே புகுந்துவிடும். தடியான வளையம் போடலாம் என்றார். துண்டுத் துணியில் போட்டுப் பார்த்தோம். இலை சிறுத்து, வளையம்தான் கடை முதலாளி மாதிரி நின்றது. பழைய முதலாளி பார்த்தால் என்ன நினைப்பார்? இரண்டுக்கும் நடுவில் தடிமனை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்ததில் சாயங்காலம் ஆகிவிட்டது. முதலில் இலை தெரிய வேண்டும், அப்புறம் வளையம். அந்த இடம் கிடைத்தது.

விலைப் பட்டியலும் அங்கேயே முடிவாயிற்று. வரைந்ததற்கு இல்லை, தீர்மானித்ததற்குக் காசு. தயங்காமல் எழுதினேன். உடோன்காரர் ஒரு வார்த்தை பேரம் பேசவில்லை.

மே 9, சனி

நோரேன் ஏறிவிட்டது. பழைய முதலாளி வந்தாராம், துணியைக் கையில் பிடித்து வளையத்தைப் பார்த்தாராம், உள்ளே போய்ச் சாப்பிட்டாராம். வேறொன்றும் சொல்லவில்லையாம். அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளலாம் என்று உடோன்காரரே சொன்னார்.

பயிற்சிக்காரர் முன்பணம் போட்டிருக்கிறார். இறகு போதும், அசானோ வேண்டாம் என்று ஒரு வரி. நம்பவே முடியவில்லை.

இனி உடோன் கடைக்குச் சாப்பிடும் குச்சிக்கான உறை, ரசீதுக்கான ரப்பர் முத்திரை, இன்ஸ்டாகிராம் படம் பாக்கி. இன்ஸ்டாகிராம் தானாகவே படத்தை வட்டமாக வெட்டுகிறது, வெட்டும்போது நம் வளையத்தைத் தின்றுவிடுகிறது. வளையம் போய்விட்டால் அது பழைய முதலாளியின் கடைச் சின்னம். நாளைக்குள் உள்ளே தள்ளி வரைந்து தனிக் கோப்பாக அனுப்ப வேண்டும்.