பட்டம் வாங்காத முதல் மாணவிகளைத் தேடும் வழி

ஆண்கள் கல்லூரிகளில் முதலில் சேர்ந்த பெண்களைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகக் காலண்டரில், அதாவது பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் அச்சிட்ட கையேட்டில், தொடங்குகிறார்கள். அதில் தேறியவர்கள் பெயர்தான் இருக்கும். சேர்ந்தது, தேர்வு எழுதியது, தேறியது, பட்டம் பெற்றது நான்கும் வேறு வேறு. "முதல் பெண்" என்று எங்கு படித்தாலும், இதில் எதில் முதல் என்று முதலில் கேளுங்கள்.

சென்னை மருத்துவக் கல்லூரியையே பாருங்கள். 1875இல் நான்கு பெண்கள் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் மேரி ஷார்லீப் 1878இல் எல்.எம்.எஸ். என்ற மருத்துவத் தேர்வில் தேறினார். அதே 1878இல் சேர்ந்த கிருபாபாய், பின்னாளில் ஆங்கில நாவல்கள் எழுதியவர், உடல்நலக் குறைவால் படிப்பை நிறுத்தினார். கல்கத்தா மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்க்காததால் 1882இல் சென்னைக்கு வந்த அபலா தாஸும் முடிக்காமல் திரும்பினார். தேறியவர் பட்டியலை மட்டும் புரட்டினால் இந்த இருவரும் வரலாற்றிலேயே இல்லை. எங்களுக்கு இது பொறுக்க முடியாத இழப்பு. கதவைத் தட்டியவர்களில் இவர்களும் உண்டு.

ஆகவே கல்லூரியின் ஆண்டறிக்கை, சேர்க்கைப் பதிவேடு, உதவித்தொகைக் கோப்பு என்ற வரிசையில் போங்கள். சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் "பெண்கள் வந்த கோப்பைக் கொடுங்கள்" என்றால் நடக்காது. துறை, அரசாணை எண், தேதி மூன்றும் வேண்டும். அந்தந்த ஆண்டின் அரசாணை அட்டவணையைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, பிறகு கோப்பு கேட்கும் சீட்டை எழுதுங்கள். பெண் கல்வி என்ற தலைப்போடு நிறுத்தாமல் மருத்துவக் கல்லூரி, உதவித்தொகை என்ற தலைப்புகளையும் பாருங்கள். அபலா வங்காள அரசின் உதவித்தொகையில் வந்தவர். பாதிக் கடிதங்களைக் கல்கத்தா பக்கம் தேட வேண்டியிருக்கும்.

பெயரில்தான் அதிகம் சறுக்கும். கிருபாபாய் சத்தியநாதன், அபலா போஸ் என்று நாம் அறிந்தவை திருமணத்துக்குப் பிந்தைய பெயர்கள். முத்துலட்சுமி ரெட்டி 1907இல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் தேறினார், திருமணம் 1914இல். அதற்கு முந்தைய ஏட்டில் "ரெட்டி" என்று தேடினால் ஒன்றும் சிக்காது.

முத்துலட்சுமி அதற்கு முன் படித்த மகாராஜா கல்லூரி புதுக்கோட்டை சமஸ்தானத்தைச் சேர்ந்தது. எதிர்ப்பை மீறி அவரைச் சேர்க்கச் சொன்னவர் அங்கிருந்த மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான். அந்த உத்தரவைச் சென்னை மாகாண அரசாணைகளில் தேடி நாளைக் கழிக்காதீர்கள். சமஸ்தானத்தின் தர்பார் (நிர்வாக) ஆவணங்களைக் கேளுங்கள்.

கல்கத்தாவில் இன்னொரு சிக்கல். பின்னாளில் அந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிப் பெண்கள் இருவரில் ஒருவரான சந்திரமுகி போஸ் 1876இலேயே பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு எழுதியும் தேறியவர் பட்டியலில் அவர் பெயர் சேரவில்லை. அங்கே அச்சிட்ட பட்டியலை விட்டுவிட்டுப் பல்கலைக்கழகக் கூட்டக் குறிப்புகளைத்தான் படிக்க வேண்டும்.