ஹோம் டூரும் ஒரு கடாயும்

டிவியில் விளம்பரம் வந்தால் நமக்குத் தெரியும், எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவோம். யூடியூபில் ஒரு அக்கா சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டே, "இந்தக் கடாய ஆறு மாசமா யூஸ் பண்றேங்க, அடியே பிடிக்கல, லிங்க் டிஸ்கிரிப்ஷன்ல இருக்கு" என்று சொல்லும்போது அப்படி எழுந்து போகத் தோன்றுவதில்லை, பக்கத்து வீட்டு அக்கா சொல்வதுபோல நம்பிவிடுகிறோம். கடாய் ஓசியில் வந்ததா, வீடியோவுக்குக் காசு கொடுத்தார்களா, அந்த லிங்க்கில் வாங்கினால் அவருக்குக் கமிஷன் போகுமா, ஒன்றும் தெரியாது.

காசு வாங்குவது தப்பே இல்லை. வீடியோ எடுத்து எடிட் பண்ணுவதும் உழைப்புதான். அதை மறைப்பதுதான் எனக்கு ஆத்திரமாக இருக்கிறது. 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை இதற்கென்றே வழிகாட்டுதல் வெளியிட்டது: பணம் மட்டுமில்லை, இலவசப் பொருள், தள்ளுபடி என எது வாங்கியிருந்தாலும் சொல்ல வேண்டும், வீடியோ என்றால் திரையிலும் காட்டி வாயாலும் சொல்ல வேண்டும், ஹாஷ்டேக்குகளுக்கு நடுவே ஒளித்துவைக்கக் கூடாது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு, மறுபடியும் செய்தால் 50 லட்சம் வரை. இருந்தும் எத்தனை வீடியோக்களில் அந்த ஒரு வரி வருகிறது?

கடாயை விடுங்கள். வீட்டைச் சுற்றிக் காட்டும் ஹோம் டூர் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, நேற்றுவரை நன்றாக இருந்த நம் அடுக்களையே அசிங்கமாகத் தெரிய ஆரம்பிக்கிறதே, அதுதான் பெரிய நஷ்டம். அப்புறம் மாடுலர் கிச்சன், அதற்கு ஒரு இ.எம்.ஐ.

பணத்தால் சந்தோஷம் வராது என்று நான் சொல்ல மாட்டேன், வாடகைக்கே திண்டாடுபவரிடம் அப்படிச் சொல்வது கொடுமை. 1974இல் ரிச்சர்ட் ஈஸ்டர்லின் என்ற பொருளாதார அறிஞர் எழுதியது வேறு விஷயம்: ஒரு நாட்டுக்குள் வசதியானவர்கள் மற்றவர்களைவிடச் சந்தோஷமாக இருப்பதாகச் சொல்கிறார்கள், ஆனால் எல்லோர் வருமானமும் சேர்ந்து ஏறும்போது சந்தோஷம் அதே அளவுக்கு ஏறுவதில்லை, ஏனென்றால் நாம் எப்போதும் அடுத்தவரோடு ஒப்பிட்டே நம்மை அளக்கிறோம். இதை மறுக்கிறவர்களும் உண்டு. எனக்கு அந்த ஒப்பிடும் பழக்கம்தான் உறுத்துகிறது. முன்பு நம் தெருவில் இருப்பவரோடு ஒப்பிட்டோம், அவர் சம்பளம் என்ன, கடன் என்ன என்று ஓரளவு தெரியும். இன்று நாம் ஏங்கிப் பார்க்கிற ஹாலில் சோபாவும் ஃப்ரிட்ஜும் கம்பெனி கொடுத்ததாக இருக்கலாம், நாமோ அதே சோபாவுக்கு மாதாமாதம் சம்பளத்திலிருந்து கட்டுகிறோம்.

அடுத்த முறை கமெண்டில் "இது பெய்ட் ப்ரோமோஷனா?" என்று நேராகக் கேளுங்கள். காசு வாங்கியதை மறைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் 1915க்கு அழைத்துப் புகார் கொடுக்கலாம், அது தேசிய நுகர்வோர் உதவி எண்.