கமாவில் தொடங்கிய இலங்கை

மட்டக்களப்பில் அச்சக வேலைக்கு வந்த என் வயதுக்காரருக்கெல்லாம் கணினித் தமிழ் என்றால் பாமினி எழுத்துருதான். எழுத்து எந்த விசையில் என்று காட்டும் போட்டோக் கொப்பி ஒன்று மொனிட்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும். விரல் பழகியதும் அதைக் கழற்றிவிடுவோம். எம் தட்டினால் அ, எஃப் தட்டினால் க, கமாவைத் தட்டினால் இ. அப்படித் தட்டியதெல்லாம் பேஜ்மேக்கரில் பக்கமாகி, லேசர் பிரிண்டாகி, தகடாகி, கல்யாண அழைப்பிதழாகவும் 31ஆம் நாள் நினைவு மலராகவும் கோவில் மலராகவும் வெளியே போனது. தாளில் குறை சொல்ல முடியாத தமிழ்.

கணினிக்குள் மட்டும் அது தமிழ் இல்லை. அங்கே சேமிப்பாகியிருந்தது ஆங்கில எழுத்து. கூத்தில் அரசனுக்கு உடுப்புக் கட்டுவது போல, அந்த ஆங்கில எழுத்துக்குப் பாமினி தமிழ் உருவம் கட்டிவிட்டது, அவ்வளவுதான். பாமினி இல்லாத கணினியில் அதே கோப்பைத் திறந்தால் ‘இலங்கை’ என்ற சொல் கமா, வை, கியூ, அரைப்புள்ளி, ஐ, எஃப் என்று நிற்கும். ‘கொ’ எழுத முதலில் கொம்பு, பிறகு க, கடைசியில் கால் என்று மூன்று விசை தட்ட வேண்டும். கையால் எழுதும் அதே ஒழுங்கு. அதனால்தான் எங்களுக்கு அது இயல்பாக வந்தது. எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் வைத்திருக்கும் உலகப் பொதுக் குறியீடான இன்றைய யூனிகோடில் க முதலில் வரும், உயிர்க்குறி பின்னால் வரும். கொம்பை முன்னே கொண்டுபோய் வைப்பது திரையின் வேலை.

அச்சுக்கு இதனால் ஒரு தொந்தரவும் வரவில்லை. தொந்தரவு இணையத்தோடு வந்தது. 2002 யுத்த நிறுத்தத்துக்குப் பிறகு டவுனில் கொமியூனிகேஷன் கடைகளும் நெட் கபேக்களும் பெருகின. டயல் அப் இணைப்பு, ஹொட்மெயில், யாஹூ மெசெஞ்சர். கனடாவிலும் சுவிஸிலும் இருந்த உறவுகளோடு சனம் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதிப் பேசப் பழகியது. நாங்கள் நினைவு மலரின் புரூபை அனுப்பினால், “தம்பி, ஒண்டும் விளங்கல்ல, என்னமோ கிறுக்கின மாதிரிக் கிடக்கு” என்று அங்கிருந்து போன் வரும். எழுத்துருக் கோப்பையும் கூடவே அனுப்பி, அதை எங்கே போடுவது என்று போனில் சொல்லிக்கொடுப்போம்.

வழி அப்போதே இருந்ததை நினைத்தால்தான் ஆற்றாமையாக இருக்கிறது. டிம் பேர்னர்ஸ் லீ உலகளாவிய இணைய வலையை முன்மொழிந்தது 1989இல். அதை எவரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று சேர்ன் ஆய்வுகூடம் அறிவித்தது 1993இல். இரண்டுக்கும் நடுவில், 1991இல் வந்த யூனிகோடின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கியாகிவிட்டது. ஆனால் விண்டோஸ் அதைக் காட்டத் தொடங்கியது 2000ஆம் ஆண்டுப் பதிப்பில்தான். அதற்குள் ஆளுக்கொரு குறியீடு பரவிவிட்டது. மின்னஞ்சல் விவாதங்களில் உருவான திஸ்கி ஒரு பக்கம், தமிழ்நாட்டு அரசு 1999இல் ஏற்ற டாம், டாப் இன்னொரு பக்கம், எங்கள் பக்கம் பாமினி. விண்டோஸ் எக்ஸ்பியில்கூட யூனிகோடுத் தமிழ் ஒழுங்காகத் தெரிய, ‘ரீஜனல்’ அமைப்புக்குள் போய் ஒரு பெட்டியில் சரி போட வேண்டும். போட்டதும் அது விண்டோஸ் சீடியைக் கேட்கும். எங்கள் பக்கத்து நெட் கபேக்களில் அந்தச் சீடி கைக்கெட்டுவது அருமை.

2004 டிசம்பர் 26. நாவலடி, கல்லடி, டச்பார் எல்லாம் கடல் அள்ளிப்போன பிறகு, பாடசாலைகளில் தங்கியிருந்தவர்களின் பெயர்கள் கொப்பித் தாளில் எழுதி எங்களிடம் வந்தன. தட்டச்சு செய்யக் கை இருந்தவர்கள் எல்லாரும் இருந்து தட்டினோம். பாமினியில்தான், வேறு எதில்? அச்செடுத்து மதிலில் ஒட்டியவரைக்கும் சரி. அகரவரிசைப்படுத்தப் போனபோது கணினி அது அறிந்த ஆங்கில வரிசையில் அடுக்கியது. கந்தையா அன்னம்மாவுக்கு முன்னால் வந்தார். செல்லம்மா, தெய்வானை, பெரியதம்பி மூவரும் ஒரே இடத்தில் கூடினார்கள், மூவருக்கும் முதல் விசை கொம்பு என்பதால். எல்லாவற்றிலும் மோசம் இகரப் பெயர்கள். கமா போட்டுப் பிரித்த பட்டியலாக அனுப்பியதை எக்செல்லில் திறந்ததும், இராசம்மாவும் இரத்தினமும் முதல் எழுத்தை இழந்து அடுத்த நிரலுக்குத் தள்ளுப்பட்டார்கள். ஊர் ஒரு நிரலிலும் வயது இன்னொன்றிலுமாக வரி முழுதும் குழம்பியது.

கடை வாசலில் வயதான அம்மா ஒருவர், “மனே, கனடாவில இருந்து மகள் தேடுறாவாம், என்ட பேர் அதுக்குள்ள வந்திருக்காண்டு அவக்குச் சொல்லு மனே” என்று நின்றார். பெயர் பட்டியலில் இருந்தது. மகளிடமும் பட்டியல் போயிருந்தது. மகள் தமிழில் எத்தனை தேடினாலும் அகப்படாது, அந்தக் கோப்புக்குள் தமிழ் இல்லையே. போன் போட்டு வாயால்தான் சொன்னோம். மட்டக்களப்புக்கு இணையம் எப்போது வந்தது என்று யாராவது கேட்டால் தொலைபேசிக் கம்பி வந்த ஆண்டை நான் சொல்ல மாட்டேன். ஒரு பெயரைத் தமிழில் தட்டினால் அந்தப் பெயர் அகப்படும் என்ற நிலை வந்தபோதுதான் வந்தது.

அது மெல்லத்தான் வந்தது. சுரதா உருவாக்கிய பொங்குதமிழ் மாற்றி எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய உதவி. பெட்டியில் பாமினியை ஒட்டினால் யூனிகோடு கிடைக்கும். 2003இல் தமிழ் விக்கிப்பீடியா, 2005இல் ‘நூலகம்’ என்ற இணைய நூலகம் என்று யூனிகோடுத் தமிழ் சேரச் சேரத் தேடலுக்கும் அர்த்தம் வந்தது. அச்சகங்கள் மட்டும் அசையவில்லை. அதைச் சோம்பல் என்று சொல்பவர்களோடு நான் உடன்பட மாட்டேன். பேஜ்மேக்கருக்கு யூனிகோடே தெரியாது. அதன் இடத்துக்கு வந்த இன்டிசைன் மென்பொருள் இந்திய எழுத்துகளை ஒழுங்காகக் கோக்கத் தொடங்கியது 2012இல் வந்த சி.எஸ்.6 பதிப்பில். அதுவரை தாளுக்குப் பாமினி, இணையத்துக்கு யூனிகோடு என்று ஒரே மேசையில் இரண்டு தமிழ் வைத்துத்தான் வேலை நடந்தது.

இப்போது என்னை அலைக்கழிப்பது அந்தப் பழைய கோப்புகள். கூத்துப் பழக்கும் அண்ணாவிமார் கொண்டுவந்த வடமோடி, தென்மோடிக் கூத்துக் கொப்பிகள், கண்ணகி அம்மன் சடங்கில் பாடும் குளுத்திப் பாடல்கள், பாடசாலை ஆண்டு மலர்கள், ஊர் வரலாற்றுக் கட்டுரைகள் எல்லாம் பாமினியில் தட்டி, பேஜ்மேக்கர் கோப்பாக, சீடிகளில் கிடக்கின்றன. சில கொப்பிகளின் மூலக் கையெழுத்து கடலோடு போய்விட்டது, சீடிதான் மிச்சம். சீடியின் பூச்சு உரிகிறது, பேஜ்மேக்கர் ஓடும் கணினியும் அருகி வருகிறது. மாற்றி ஒன்றே போதும் என்று நினைக்க வேண்டாம். தமிழுக்கு நடுவே ஆங்கிலச் சொல் வந்தால் அதையும் பாமினி என்று எண்ணி அர்த்தமில்லாத தமிழாக்கிவிடும். கூத்துப் பாட்டில் வட்டார வழக்கைப் பிழை என்று நினைத்துத் திருத்தவும் கூடாது. ஒவ்வொரு வரியையும் கண் வைத்துப் பார்க்கத்தான் வேண்டும்.

கடை பூட்டிய பிறகு அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். பழைய கணினி ஒன்றைப் பேஜ்மேக்கரோடு இதற்கென்றே வைத்திருக்கிறேன். கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் அச்சகம் வைத்திருந்தவர்கள் வீட்டு அலுமாரியில் சீடியோ புளொப்பியோ கிடந்தால் எறிந்துவிடாமல் தாருங்கள். திருப்பித் தரும்போது யூனிகோடுப் பிரதியோடு அசல் பாமினிக் கோப்பும் இருக்கும், பின்னால் ஒருவர் சரிபார்க்க அது தேவைப்படும்.