ஒன்றும் காட்டவில்லை

"சிப்பில் ஒன்றும் காட்டவில்லை அக்கா" என்றுதான் நான் சொன்னேன். "ஒன்றும் இல்லை" என்று சொல்லவில்லை. கடந்த நான்கு மாதங்களாக இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் உள்ள வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டுதான் எனக்கு நானே வாதாடிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அங்கன்வாடி வாசலில் நின்ற உதவியாளர் அக்காவின் காதில் இரண்டும் ஒன்றாகத்தான் விழும் என்பது சொல்லும்போதே எனக்குத் தெரிந்திருந்தது.

தண்ணீரில் கிருமி இருக்கிறதா என்று பார்க்க எங்கள் குழு உருவாக்கிவரும் சிப் கட்டைவிரல் நகத்தளவுதான் இருக்கும். அதன் தங்க மின்முனையில், மலத்தில் இருக்கும் ஈ.கோலை பாக்டீரியாவைப் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடிகளைப் பதித்திருப்போம். பாக்டீரியா வந்து ஒட்டினால் எலக்ட்ரான் போகும் வழி அடைபட்டு மின்மறுப்பு, அதாவது மின்னோட்டத்துக்கான தடை, உயரும். திரையில் வரும் அரைவட்டம் அகலும். அன்று குழாய்த் தண்ணீரில் 50 மைக்ரோ லிட்டரை, அதாவது ஒரே ஒரு துளியை, வைத்துவிட்டு 20 நிமிடம் காத்திருந்தோம். புதிய அரைவட்டம் பழைய கோட்டின் மேலேயே போய்ப் படிந்தது. என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அவர், "அப்போ பிள்ளைங்களுக்கு இப்படியே குடுக்கலாமா தம்பி?" என்று கேட்டார். நான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு உள்ளே போய், தண்ணீர் கொதிக்க வைப்பதற்காகக் கழுவி வைத்திருந்த குண்டானைச் சுவரோரமாகக் கவிழ்த்து வைத்தார். அதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அடுத்த ஊருக்கு நேரமாகிவிட்டது என்று ஓட்டுநர் அழைத்தார். போய் வண்டியில் ஏறிக்கொண்டேன்.

அதே குழாயில் 100 மில்லி லிட்டர் தண்ணீரையும், குளோரினை முறிக்க சோடியம் தயோசல்பேட் இட்ட பாட்டிலில் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தோம். மாலையில் அதைச் சவ்வு வழியாக வடிகட்டி, 44.5 டிகிரியில் வளர்க்க வைத்தோம். மறுநாள் வளர்ப்புத் தட்டில் ஒன்பது பாக்டீரியாத் திட்டுகள் இருந்தன. அவற்றிலிருந்து எடுத்து ஈ.கோலையை நிறத்தால் காட்டும் இ.எம்.பி. என்ற வளர்ப்பு ஊடகத்தில் கோடிழுத்து வைத்ததில், அதற்கும் அடுத்த நாள் பொன்வண்டின் முதுகைப் போல ஒரு பச்சைப் பளபளப்பு வந்திருந்தது. ஈ.கோலைதான். குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயமான ஐ.எஸ். 10500, 100 மில்லி தண்ணீரில் அது ஒன்றுகூட இருக்கக் கூடாது என்கிறது.

சிப் தவறு செய்யவில்லை என்பதுதான் இதில் என்னை மிகவும் வருத்துகிறது. 100 மில்லியில் ஒன்பது பாக்டீரியா இருந்தால், நான் வைத்த துளியில் ஒன்றாவது இருப்பதற்கான வாய்ப்பு இருநூறில் ஒரு பங்குகூட இல்லை. அப்படியே ஒன்று வந்து விழுந்திருந்தாலும் எங்கள் சிப்புக்கு அது தெரிந்திருக்காது. ஒரு மில்லிக்கு ஏறத்தாழ 1,000 இருந்தால்தான் அரைவட்டம் நகரும். ஆய்வுக் கட்டுரையில் இந்த எண்ணைப் பெருமையோடு எழுதுகிறோம். அதையே 100 மில்லிக்குக் கணக்கிட்டால் 1 லட்சம் வரும். 1 லட்சத்துக்குக் கீழே கண் தெரியாத ஒரு கருவியைக் கையில் வைத்துக்கொண்டுதான், ஒன்றுகூட இருக்கக் கூடாத ஓரிடத்தில் நான் நின்றிருந்தேன். கருவி பயனற்றது என்று நான் சொல்லவரவில்லை. வேறோர் ஊரில், சாக்கடை கலந்த குழாயை அது 20 நிமிடத்தில் காட்டிக்கொடுத்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்; தட்டு முடிவுக்காகக் காத்திருந்தால் அந்தத் தெரு இரண்டு நாள் அதையே குடித்திருக்கும்.

களத்தில் யாருக்கும் முடிவு சொல்லக் கூடாது, ஆய்வக முடிவை ஊராட்சி வழியாகத்தான் தெரிவிக்க வேண்டும் என்பது எங்கள் குழுவின் விதி. இன்னும் உறுதிப்படுத்தப்படாத ஒரு கருவியின் பேரில் நான் எப்படி அறிவுரை சொல்ல முடியும் என்று பலமுறை கேட்டுக்கொண்டிருக்கிறேன். கேள்வி நியாயமானதுதான். ஆனால் "எதற்கும் கொதிக்க வைத்தே கொடுங்கள் அக்கா" என்று சொல்ல எந்தக் கருவியும் தேவைப்பட்டிருக்காது. எங்கள் சிப் அவர் கண்முன்னே சரியாக வேலை செய்ததாகத் தோன்றிய அந்தக் கணத்தைக் கெடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை என்பதே உண்மைக்கு நெருக்கமான காரணமாக இருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். விதியை நான் அதற்குப் பிறகுதான் நினைவுபடுத்திக்கொண்டேனோ என்னவோ.

பளபளப்பைப் பார்த்த அன்றே, விதியை மீறி, அவரைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். அவர் பதறவில்லை. "ரெண்டு நாளா அப்படியேதான் குடுக்கறேன், யாருக்கும் ஒண்ணும் ஆகலையே தம்பி. உங்க மிஷின் சரியாத்தான் சொல்லியிருக்கு" என்றார். ஈ.கோலை இருப்பது தண்ணீரில் மலம் கலந்திருக்கிறது என்பதற்கான அடையாளம், பெரும்பாலான ஈ.கோலை வகைகள் தாமாக நோய் தருவதில்லை. அதனால் இன்று யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பது நாளைக்கு உத்தரவாதம் ஆகாது. இதையெல்லாம் அவருக்கு விளக்கினேன். சரி தம்பி, சரி தம்பி என்று கேட்டுக்கொண்டார். குண்டானை மீண்டும் அடுப்பில் ஏற்றினாரா என்று நான் கேட்கவில்லை.

அதன் பிறகு சிப்பின் முடிவைக் காட்டும் செயலியில் "கண்டறியப்படவில்லை" என்று வந்த வரியை மாற்றச் சொன்னேன். இப்போது "மில்லிக்கு 1,000-க்கு மேல் இல்லை, பாதுகாப்பானது என்று பொருள் அல்ல" என்று வருகிறது. இது யாருக்கும் விளங்காது என்றார் எங்கள் மூத்த ஆய்வாளர். போன வாரம் வேறோர் ஊரில், மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் பெரியவரிடம் அதை எழுத்தெழுத்தாக வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "குடிக்கலாமா கூடாதா, அதைச் சொல்லுங்க" என்றார். கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்றேன். "அது எங்களுக்கே தெரியுமே சார்" என்று சொல்லிவிட்டு, மோட்டாரைப் போடப் போய்விட்டார்.