ஐஸ் பாட்டிலும் செலரியும்

மண்ணே இல்லாம, தண்ணியில வேரைத் தொங்கவிட்டு செலரிக் கீரை வளர்க்கிறேன். காலையில அந்தத் தெர்மாகோல் பெட்டி மூடியைத் தூக்கினேன். வெள்ளை நூல்கண்டு மாதிரி தொங்க வேண்டிய வேர், பழுப்பா, கையில வழுவழுன்னு வருது. மோந்து பார்த்தா சேத்து வாடை.

தெர்மாமீட்டரை விட்டேன். தண்ணி 30 டிகிரி.

நாகர்கோவில் மொட்டை மாடியில வேற எப்படி இருக்கும்!

செலரிக்கு 15ல இருந்து 21 டிகிரி வரைக்கும்தான் சுகம். தண்ணி சூடாக ஆக அதுல கரைஞ்சிருக்கிற ஆக்சிஜன் குறையும், வேருக்கு மூச்சு முட்டும், பிறகென்ன, அழுகல்தான். தண்ணியோட பிஎச், அதாவது அமிலத்தன்மை அளவு, 6.5 இருக்கான்னு தினமும் அளந்த நான் வெயிலை அளக்கல.

முளைக்கவே மூணு வாரம் ஆச்சு. அந்த விதைக்கு வெளிச்சம் வேணும், மூடக்கூடாது. தேங்காய் நார்த்தூள் மேல சும்மா தூவிட்டு, தவம் கிடந்தேன்.

அம்மா எட்டிப் பார்த்தாங்க. "ஏன் மக்ளே, மல்லிக்கு சீக்கு வந்தாப்ல நிக்குது?"

சொந்தம்தான். ரெண்டும் ஒரே தாவரக் குடும்பம்.

அழுகின வேரை நறுக்கிட்டு, தண்ணியை மாத்தி, பெட்டியைக் கிணத்தடி நிழலுக்கு இறக்கினேன். மீன்தொட்டி ஏர் பம்பு ஒண்ணு. கூடவே உறைய வச்ச தண்ணி பாட்டில் ஒண்ணு.

கிணத்தைச் சுத்தி வல்லாரை, யாரையும் கேக்காம படர்ந்து கிடக்கு. அதுவும் இதே குடும்பம்தான். அதுக்கு ஒருநாளும் நான் தெர்மாமீட்டர் வச்சதில்ல.

மத்தியானம் ஃப்ரீசரைத் திறந்த அம்மா கத்துறாங்க: "சாளை வைக்க இடமில்ல, உன் கீரைக்கு ஐஸா?"