நடுப்பக்கம்

24.11.2024

கஜா புயலைப் பற்றிப் பிள்ளைகளுக்காக நான் வரையும் படப் புத்தகத்தில் 12, 13ஆம் பக்கங்கள் இன்னும் வெறும் தாளாகவே கிடக்கின்றன. மொத்தம் 24 பக்கம். முன்பாதி முழுக்க வாடைக்காற்று. தென்னை மட்டைகள் எல்லாம் தெற்கே பறக்கின்றன. பின்பாதியில் தெற்கிலிருந்து வீசும் சோழகம், எல்லாம் வடக்கே சாய்கிறது. நடுவில் இந்த இரண்டு பக்கங்களில் மட்டும் காற்றே கிடையாது. 16.11.2018 பின்னிரவில் புயலின் கண் ஊருக்கு மேல் வந்தபோது அப்படித்தான் இருந்ததாம். காற்று இருந்தால் வரைந்துவிடுவேன், மட்டையை வளைத்தால் போதும். காற்று நின்றுபோனதை எதை வைத்து வரைவது?

25.11.2024

தாழ்வு மண்டலம் என்று செய்தியில் சொன்னதுமே அம்மா டிவியை அணைத்துவிட்டாள்.

26.11.2024

பள்ளிக்கு விடுமுறை. காலையிலிருந்து விடாத மழை. சம்பா வயல்களில் தண்ணீர் ஏறிவிட்டது, வரப்பு தெரியவில்லை.

பதிப்பக அக்கா மறுபடி அழைத்தார். புயலை ஒரு பெரிய யானையாக வரைந்தால் பிள்ளைகளுக்குப் பிடிக்குமாம், பெயரே கஜாதானே என்கிறார். வேண்டாம் அக்கா என்றேன். யானைக்குக் கண் உண்டு, கோபம் உண்டு. அது நம் வீட்டுக் கூரையைப் பிடுங்கினால், நாம என்ன தப்பு செஞ்சோம் என்றுதான் ஆறு வயசுப் பிள்ளை கேட்கும். கடல் சூடாகிறது, காற்று சுழல்கிறது, சுழன்றபடி மேற்கே நகர்கிறது. அதற்கு யார்மேலும் கோபம் இல்லை. இதைச் சொல்லத்தான் இந்தப் புத்தகமே. இதில் நான் இறங்கிவர மாட்டேன்.

கடைசிப் பக்கத்தில் வானவில் வேண்டுமாம். அதற்கும் பதில் சொல்லவில்லை. மறுநாள் காலையோடு முடிந்துபோன விஷயமா அது? வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. சாலை நெடுக மரம். தண்ணீர்த் தொட்டியை நிரப்ப ஜெனரேட்டர் வண்டி எப்போது வரும் என்று தெரு முழுக்கக் காத்துக் கிடந்தது. வெளிமாவட்டங்களிலிருந்து வந்த மின்வாரிய ஆட்கள் இடுப்பளவு சேற்றில் நின்று கம்பம் நட்டார்கள். வானவில் இருக்கும் இடத்தில் அவர்கள் வரட்டும்.

27.11.2024

மழை. வரையவில்லை.

28.11.2024

ராத்திரி என் மகன் தம்பு தூங்கியபிறகு அம்மா தானாகவே பேசினாள். ஆறு வருஷத்தில் இதுதான் முதல்முறை. நான் பென்சிலைக் கையில் எடுக்கவே இல்லை.

காற்று நின்றதும் தெருவே வெளியே வந்துவிட்டதாம். முடிஞ்சுபோச்சு என்று சிலர் ஓடு பொறுக்கக்கூடப் போய்விட்டார்கள். 77 புயலைப் பார்த்த கோடி வீட்டுத் தாத்தாதான், "உள்ள போங்க, இன்னும் பாதி இருக்கு, இனிமே தெக்கேருந்து அடிக்கும்" என்று கத்தியிருக்கிறார். அந்த நேரத்தில்தான் அம்மா கொல்லைக்கு ஓடி எங்கள் மாடு செவலையை அவிழ்த்துவிட்டிருக்கிறாள். "கட்டிக்கெடந்தா கொட்டாய் அது மேலதான விழும். அவுத்துட்டா எங்கயாச்சும் ஓடிப் பொழச்சுக்கும்."

செவலை மறுநாள் உப்பளப் பக்கமிருந்து நொண்டிக்கொண்டு வந்தது. அது எனக்குத் தெரியும், சென்னைக்கு போன் வந்ததும் முதலில் கேட்டதே அதைத்தான். தெரியாதது ஒன்று இருந்தது. வேலிக்கு அந்தப்பக்கம் பக்கத்து வீட்டுக் கன்னுக்குட்டி கட்டிக் கிடந்ததாம். அம்மாவைப் பார்த்துக் கத்தியதாம். அப்பா உள்ளேயிருந்து கூப்பிட, அம்மா திரும்பிவிட்டாள்.

"நாலு எட்டு வச்சிருந்தா போதும் பாப்பா."

அதற்குமேல் பேசவில்லை. நான் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

29.11.2024

மதியம் புயலாகிவிட்டது. பெயர் ஃபெஞ்சல். தம்பு அம்மாச்சியின் முந்தானையை விடவில்லை. அவன் பிறந்ததே கஜாவுக்கு அப்புறம். இந்தப் பயம் எங்கிருந்து ஒட்டியது?

30.11.2024

புதுச்சேரிப் பக்கம் போகிறது என்கிறார்கள். நமக்கில்லை என்று நிம்மதியாகச் சொல்ல வாய் வரவில்லை. அங்கேயும் கொட்டகை இருக்கும், கயிறு இருக்கும்.

நடுப்பக்கத்தில் கன்னுக்குட்டி வேண்டும் என்று அக்காவிடம் சொன்னேன். சின்னப் பிள்ளைகள் தாங்க மாட்டார்கள் என்றார். தம்புவிடம் கேட்டேன். "வரைம்மா. இல்லாட்டி அது இருந்துச்சுன்னே யாருக்கும் தெரியாதுல்ல" என்றான்.

அம்மாவிடம் இன்னும் கேட்கவில்லை. அவள் வேண்டாம் என்றால் வேண்டாம்.

1.12.2024

புயல் புதுச்சேரிக்கு மேலேயே நகராமல் நிற்கிறது. வெள்ளப் படங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. அம்மா இன்று டிவியை அணைக்கவில்லை.

சாப்பிடும்போது கேட்டேன். ரொம்ப நேரம் கழித்துச் சொன்னாள்: "வரை. நெத்தியில வெள்ளச் சுட்டி இருக்கும், மறந்துடாத." வேலியில் எந்தப் பக்கம் கட்டியிருந்தது, கயிறு எவ்வளவு நீளம் என்றெல்லாம் அவளே சொல்லிக்கொண்டு போனாள். பாதியை எழுதிக்கொண்டேன், மீதியை நாளைக்கு