ஆப்ஷன் நஷ்டத்தை வருமான வரிக் கணக்கில் ஏற்றிய அனுபவம்

2023-24 நிதியாண்டுக்கான என் வருமான வரிக் கணக்கு, பங்குச் சந்தையின் ஆப்ஷன் வர்த்தகத்தில் வந்த நஷ்டத்தை வரும் ஆண்டுகளுக்கு எடுத்துச் செல்லும் உரிமையோடு ஏற்கப்பட்டுவிட்டது. சட்டத்தில் தெளிவாக எழுதப்பட்டிருக்கும் உரிமைதான் அது. ஆனால் சென்னையில் வண்ணாரப்பேட்டையிலும் பாரிமுனையிலும் நான் போய்க் கேட்டவர்கள், ஒன்று அப்படி ஓர் உரிமையே இல்லை என்றார்கள், அல்லது அதற்கு நான் தரத் தேவையில்லாத ஒரு விலையைச் சொன்னார்கள். அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. இனி இதே வாசற்படிகளை ஏறப் போகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

நான் மணலியில் ஒரு தொழிற்சாலையில் மாதச் சம்பளக்காரன். பல ஆண்டுகளாகச் சேர்த்த பங்குகள் சரிந்தால் தாங்குவதற்காக நிஃப்டி என்ற பங்குக் குறியீட்டின் மீதான புட் ஆப்ஷன்களை (குறியீடு சரிந்தால் மதிப்பு ஏறும் ஒப்பந்தங்களை) வாங்கி வைத்திருந்தேன். வண்டிக்குக் கட்டும் இன்சூரன்ஸ் போன்ற செலவு அது. நிஃப்டியோ 2023 ஏப்ரலில் 17,400 அருகே தொடங்கி 2024 மார்ச் முடிவில் 22,300-ஐத் தாண்டியது. பங்குகள் ஏறின, புட்டுகள் பெரும்பாலும் மதிப்பின்றிக் காலாவதியாயின. தரகு, வரிகள் எல்லாம் சேர்த்து நிகர நஷ்டம் 84,600 ரூபாய்.

முதலில் போனது, வண்ணாரப்பேட்டையில் ஆண்டுதோறும் எங்கள் தொழிற்சாலைக்காரர்களுக்கு ரிட்டர்ன் போட்டுத் தரும் கடைக்கு. அங்கிருந்தவர் படிவம் 16-ஐ வாங்கிக்கொண்டு, சம்பளக்காரர்களுக்கான எளிய வரிக் கணக்குப் படிவமான ஐடிஆர்-1 போதும் என்றார். ஆப்ஷன் நஷ்டத்தைச் சொன்னபோது, "நஷ்டத்துக்கு வரி உண்டா சார்? இல்லையே, பிறகு எதற்கு எழுத வேண்டும்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் இருந்த நம்பிக்கைதான் ஆபத்தானது. அங்கீகரிக்கப்பட்ட பங்குச் சந்தையில் நடக்கும் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வர்த்தகம், அந்த ஆண்டுக்குப் பொருந்திய வருமான வரிச் சட்டத்தின் 43(5) பிரிவின்படி ஊக வணிகம் ஆகாது. அது சாதாரணத் தொழில் வருமானம், அதில் வரும் நஷ்டமும் தொழில் நஷ்டம். அந்த நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது என்றாலும், அதே ஆண்டின் வங்கி வட்டி போன்ற வருமானத்தில் கழிக்கலாம், மீதியை 8 ஆண்டுகள் வரை பிந்தைய தொழில் லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். எனக்கு வைப்பு நிதி வட்டியாக மட்டும் 31,200 ரூபாய் வந்திருந்தது. அவர் சொன்னபடி கையெழுத்திட்டிருந்தால் அதற்கு முழு வரியும் கட்டிவிட்டு, மிச்ச நஷ்டத்தையும் இழந்திருப்பேன்.

அடுத்து, பாரிமுனைப் பக்கம் மண்ணடி மெட்ரோவில் இறங்கி, தம்பு செட்டித் தெருவை ஒட்டிய ஒரு சந்தில் இருந்த ஆடிட்டர் அலுவலகத்துக்குப் போனேன். 2015 வரை மெட்ராஸ் பங்குச் சந்தை செகண்ட் லைன் பீச் சாலையில்தான் இருந்தது என்பதால், அந்தப் பகுதியில் பங்கு விவகாரம் தெரிந்தவர்கள் நிறைய இருப்பார்கள் என்று எண்ணினேன். ஆடிட்டரைப் பார்க்கவே முடியவில்லை. உதவியாளர் என் காகிதங்களை ஒரு நிமிடம் புரட்டிவிட்டு, லாபம் விற்றுமுதலில் (டர்ன்ஓவரில்) 6 சதவீதத்துக்குக் குறைவாக இருப்பதால் வரித் தணிக்கை கட்டாயம், கட்டணம் 18,000 ரூபாய் என்றார். அது அதிகம் என்றால் இன்னொரு வழி உண்டாம்: விற்றுமுதலில் ஒரு சதவீதத்தையே லாபமாகக் காட்ட இடம் தரும் 44AD பிரிவில் 6 சதவீத லாபம் வந்ததாகக் காட்டி, அதற்கான ஐடிஆர்-4 படிவத்தைப் போட்டுவிடலாம், தணிக்கை வேண்டாம். வராத லாபத்துக்கு வரி கட்டி, வந்த நஷ்டத்தைக் கைகழுவும் வழியை ஒரு சலுகை போல அவர் சொன்னார். நான் காகிதங்களை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

இதற்கு விடை கிடைத்தது பெரம்பூரில், உறவினர் ஒருவர் சொல்லி அனுப்பிய வயதான ஆடிட்டர் ஒருவரிடம். அவர் கேட்ட முதல் கேள்வியே வேறாக இருந்தது. "தம்பி, நீங்கள் இதற்கு முன் எந்த ஆண்டிலாவது 44AD-யில் கணக்குக் காட்டியிருக்கிறீர்களா?" இல்லை என்றேன். "அப்படியானால் அந்த 6 சதவீதப் பேச்சே உங்களுக்குக் கிடையாது" என்று சொல்லிப் பொறுமையாக விளக்கினார். ஒருமுறை 44AD-க்குள் போய்விட்டு, அடுத்த 5 ஆண்டுகளுக்குள் அதிலிருந்து வெளியே வருபவர்களுக்குத்தான், மொத்த வருமானம் வரி இல்லாத அடிப்படை வரம்பைத் தாண்டினால், குறைந்த லாபத்துக்கும் நஷ்டத்துக்கும் தணிக்கை கட்டாயமாகிறது. மற்றவர்களுக்கு விற்றுமுதல் வரம்பு மட்டும்தான்: பொதுவாக 1 கோடி ரூபாய், ரொக்க வரவும் ரொக்கச் செலவும் தலா 5 சதவீதத்துக்குள் இருந்தால் 10 கோடி. ஆப்ஷன் வர்த்தகத்தில் ரொக்கத்துக்கு இடமே இல்லை. ஆக, தணிக்கையைத் தவிர்ப்பதற்கு என்று பாரிமுனையில் காட்டப்பட்ட வழிதான் பின்னாளில் என்னைத் தணிக்கைக்குள் தள்ளியிருக்கும். ஐடிஆர்-4 போடச் சொல்லி யாராவது வற்புறுத்தினால், தயவுசெய்து இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

விற்றுமுதலைக் கணக்கிடுவதையும் அவர்தான் சரியாகச் சொல்லித் தந்தார். ஒப்பந்தத்தின் முழு மதிப்பை எடுக்கக் கூடாது. ஒவ்வொரு வர்த்தகத்தின் லாபத்தையும் நஷ்டத்தையும் கூட்டல், கழித்தல் குறி பார்க்காமல் கூட்ட வேண்டும். ஒன்றில் 12,000 லாபம், இன்னொன்றில் 30,000 நஷ்டம் என்றால் விற்றுமுதல் 42,000. ஆப்ஷனை விற்றதில் வந்த பிரீமியத்தை, அதாவது அதன் விலையை, தனியாகச் சேர்க்கும் பழைய வழக்கமும், அந்தப் பிரீமியம் லாப நஷ்டக் கணக்கில் ஏற்கெனவே அடங்கியிருந்தால் தேவையில்லை என்று இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் 2022-ஆம் ஆண்டு வழிகாட்டுக் குறிப்பு சொல்கிறது. பழைய முறையில் கூட்டிப் பார்த்துப் பயந்துபோய்த் தணிக்கைக் கட்டணம் கட்டியவர்கள் என் தொழிற்சாலையிலேயே இருக்கிறார்கள்.

கணக்கு முறை புரிந்தும் காகிதம் கிடைக்கவில்லை. ஆண்டின் நடுவில் நான் புரோக்கரை மாற்றியிருந்தேன். பழைய புரோக்கர் கணக்கு மூடப்பட்டதும் உள்நுழைவும் நின்றுபோனது. லாப நஷ்ட அறிக்கை கேட்டு எழுதிய ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும், உங்கள் கணக்கில் நுழைந்து பதிவிறக்கிக்கொள்ளுங்கள் என்ற ஒரே பதில்தான் வந்தது. நுழைய முடியவில்லை என்பதுதான் புகார் என்று எத்தனை முறை எழுதியும் பயனில்லை. கடைசியில் வர்த்தகம் நடந்த நாள்தோறும் மின்னஞ்சலில் வந்திருந்த கான்ட்ராக்ட் நோட்டுகளை (அன்றைய வர்த்தக ரசீதுகளை) ஒவ்வொன்றாகத் திறந்து, என் கையாலேயே பட்டியல் போட்டு, வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டேன். தொகை ரூபாய் பிசகாமல் பொருந்திய இரவில்தான் நிம்மதியாகத் தூங்கினேன். புரோக்கரை மாற்ற நினைப்பவர்கள், மூடச் சொல்லும் விண்ணப்பத்தில் கையெழுத்திடும் முன் வரி அறிக்கை, லெட்ஜர், கான்ட்ராக்ட் நோட்டுகள் மூன்றையும் இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். அந்த நோட்டுகளில் உள்ள தரகு, ஜிஎஸ்டி, முத்திரைத் தீர்வை ஆகியவற்றோடு பங்குப் பரிவர்த்தனை வரியையும் தொழில் செலவாகக் கழிக்கலாம். மூலதன ஆதாயக் கணக்கில் அந்தப் பரிவர்த்தனை வரிக்குக் கழிவு கிடையாது என்பதால் பலர் இங்கும் விட்டுவிடுகிறார்கள்.

இதையெல்லாம்விடப் பெரிய பொறி, யாரும் எச்சரிக்காத ஒரு படிவத்தில் இருந்தது. அந்த நிதியாண்டின் கணக்கு முதல், நாமே வேறு தேர்ந்தெடுக்காவிட்டால், புதிய வரி முறைதான் பொருந்தும். சம்பளம் மட்டும் உள்ளவர் கணக்குத் தாக்கல் செய்யும்போதே பழைய முறையைத் தேர்ந்தெடுத்துவிடலாம். தொழில் வருமானம் இருப்பவரோ, அது நஷ்டமாகவே இருந்தாலும், உரிய நாளுக்குள் 10-ஐஇஏ என்ற படிவத்தைத் தனியாகத் தாக்கல் செய்தாக வேண்டியிருந்தது. என் நிறுவனம் பழைய முறைப்படிதான் வரி பிடித்திருந்தது. பழைய முறையில் மட்டும் கிடைக்கும் வீட்டு வாடகைப் படிச் சலுகையும் 80சி சேமிப்புக் கழிவும் அந்த ஒரு படிவத்தைத்தான் நம்பியிருந்தன. தொழில் வருமானம் உள்ளவர்களுக்கான ஐடிஆர்-3 நிரப்பும்போது இணையதளம் அந்தப் படிவத்தின் ஒப்புகை எண்ணைக் கேட்ட பிறகுதான் எனக்கு விவரமே தெரிந்தது. அந்த ஆண்டின் கடைசி நாளான ஜூலை 31-க்கு இன்னும் நாள் இருந்ததால் தப்பித்தேன்.

ஐடிஆர்-3 நீளமான படிவம், ஆனால் கடினமானதல்ல. லாப நஷ்டப் பகுதியையும் இருப்புநிலைப் பகுதியையும் வெறுமையாக விட்டால் குறைபாடுள்ள கணக்கு என்று நோட்டீஸ் வரலாம் என்பதை மட்டும் கவனித்தால் போதும்.

தாக்கல் செய்த பின்னும் ஓர் இடைஞ்சல் இருந்தது. ஆதாரில் இருந்த கைப்பேசி எண் பயன்பாட்டில் இல்லாததால், கணக்கைச் சரிபார்த்து உறுதிசெய்யத் தேவையான ஓடிபி வரவில்லை. அதை மாற்ற ஆதார் மையத்துக்குப் போனால், அன்றைய டோக்கன் தீர்ந்துவிட்டது என்று அனுப்பிவிட்டார்கள். முன்பே சரிபார்த்து வைத்திருந்த வங்கிக் கணக்கு வழியாகவே சரிபார்ப்புக் குறியீடு பெறலாம் என்பது பிறகு தெரிந்து, வீட்டிலிருந்தபடியே முடித்தேன். 30 நாளுக்குள் சரிபார்க்காவிட்டால் சரிபார்க்கும் நாளே தாக்கல் செய்த நாளாகிவிடும். அது தாக்கலுக்கான கடைசி நாளுக்குப் பின் வந்தால், நஷ்டத்தை எடுத்துச் செல்லும் உரிமை போய்விடும்.

என் கணக்கைப் பரிசீலித்து வரித் துறை 143(1) பிரிவின் கீழ் அனுப்பிய அறிவிப்பில், வட்டி வருமானம் முழுவதும் கழிந்து, மீதி 53,400 ரூபாய் எடுத்துச் செல்லும் நஷ்டமாக நான் காட்டியபடியே இருந்தது. அதன் பின் 2024 செப்டம்பரில் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு வாரியமான செபி வெளியிட்ட ஆய்வு, 2021-22 முதல் 2023-24 வரையிலான 3 ஆண்டுகளில் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதாகவும், மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியதாகவும் சொன்னது. அந்த 93 சதவீதத்தில் பலரிடம், நஷ்டத்தை எழுத வேண்டாம் என்று ஒரு கடைக்காரர் சொல்லியிருப்பார் என்றே நினைக்கிறேன். எழுதுங்கள், கடைசி நாளுக்குள் எழுதுங்கள். அடுத்த ஆண்டு ஆப்ஷன் பக்கமே போகாவிட்டாலும் ஐடிஆர்-1-க்குத் திரும்பிவிடாதீர்கள். முந்தைய ஆண்டின் நஷ்டத்தைக் குறிக்க அதில் இடமே கிடையாது.